பத்து லட்சம் பேரைக் கொன்ற கிழங்கு நோய்! 168 ஆண்டுக்குப் பிறகு துப்புக் கொடுத்த காய்ந்த இலை

அயர்லாந்து ஒரு தீவு. இங்கிலாந்துக்கு மேற்கே இருக்கிறது. தமிழ்நாட்டைவிடச் சிறியது.

1845-ம் ஆண்டு செப்டம்பர் மாதம். அந்தத் தீவில் பச்சைப் பசேல் என்று நின்ற உருளைக்கிழங்குச் செடிகள் திடீரென்று கருக ஆரம்பித்தன.

முதலில் இலையில் ஒரு சின்னப் புள்ளி. ஈரத் துணியில் மை பட்டதுபோல அது பரவியது. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் வெள்ளைப் பூசணம். சில நாளில் தோட்டமே கருப்பாகிவிட்டது. ஊரெல்லாம் அழுகல் நாற்றம்!

"இலை போனால் போகட்டும். மண்ணுக்குள் கிழங்கு இருக்கிறதே" என்று ஜனங்கள் அவசர அவசரமாகத் தோண்டினார்கள். பல கிழங்குகள் அழுகிக் கிடந்தன. நல்லதாகத் தெரிந்த கிழங்குகளைப் பொறுக்கிக் குழியில் சேர்த்து வைத்தார்கள்.

சில வாரம் கழித்துக் குழியைத் திறந்தார்கள். உள்ளே கிழங்கு இல்லை. கூழ்தான் இருந்தது!

கிழங்குதான் சாப்பாடு

நமக்கு உருளைக்கிழங்கு ஒரு கறி. பூரிக்குத் தொட்டுக்கொள்ள மசாலா. ஒரு வாரம் கிடைக்காவிட்டால் வேறு காய் வாங்கிக்கொள்வோம்.

அயர்லாந்து ஏழைக்கு அப்படி இல்லை. அவனுக்கு அதுதான் சோறு. காலையிலும் கிழங்கு, இரவிலும் கிழங்கு. வேலை செய்யும் ஆண் ஒருவன் ஒரு நாளைக்கு 5 கிலோ வரை சாப்பிடுவானாம். துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் குடும்பம் நடத்தியவனுக்கு, அந்தத் துண்டு நிலத்தில் வயிறு நிறைய விளைவது கிழங்கு ஒன்றுதான்.

அதிலும் ஒரு ஆபத்து இருந்தது. ஏழைகள் பெரும்பாலும் "லம்பர்" என்ற ஒரே ரகத்தைப் பயிரிட்டார்கள். உருளைக்கிழங்கை விதை போட்டு வளர்ப்பதில்லை. கிழங்கையே வெட்டி நடுகிறோம். ஆகவே தாய்க்கிழங்கு எப்படியோ, பிள்ளைக்கிழங்கும் அச்சு அசலாக அப்படியே இருக்கும். ஒரு செடியை ஒரு நோய் வென்றுவிட்டால் போதும். அந்த நோயை எதிர்த்து நிற்க அந்த ஊரில் வேறு செடி கிடையாது.

1845-ல் விளைச்சலில் ஒரு பகுதி போயிற்று. 1846-ல் அநேகமாக முழுவதும் போயிற்று.

அதற்குப் பிறகு நடந்ததை எழுதவே கை கூசும். பசியில் இளைத்தவர்களைக் காய்ச்சலும் பேதியும் வாரிக்கொண்டு போயின. சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். இன்னும் 10 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அமெரிக்காவுக்கும் மற்ற நாடுகளுக்கும் கப்பல் ஏறினார்கள். கப்பலிலேயே செத்தவர்களும் உண்டு.

1841-ம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அயர்லாந்தின் ஜனத்தொகை 81 லட்சம். 1851-ல் 65 லட்சம். இன்றும் அந்தத் தீவு முழுவதையும் சேர்த்துப் பார்த்தால்கூட 81 லட்சத்தைத் தொடவில்லை!

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஜனங்கள் பட்டினி கிடந்த அதே காலத்தில், அயர்லாந்தில் விளைந்த தானியம் மூட்டை மூட்டையாக இங்கிலாந்துக்குக் கப்பலேறிக்கொண்டிருந்தது. கிழங்கை நோய் கொன்றது. மனிதர்களைக் கொன்றதில் அன்றைய ஆட்சிக்கும் பங்கு உண்டு.

ரயில்வண்டி செய்த சதியா?

சரி, கிழங்கைக் கொன்றது யார்?

அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. ஆளுக்கு ஒன்று சொன்னார்கள்.

"கடவுள் கொடுத்த தண்டனை" என்றார்கள் சிலர். "பூமிக்குள்ளிருந்து விஷக் காற்று கிளம்பிவிட்டது" என்றார்கள் சிலர். அப்போதுதான் ரயில் புதிதாக ஓடத் தொடங்கியிருந்தது. "ரயில் ஓட ஓட மின்சாரம் காற்றில் கலக்கிறது. அதுதான் செடியைக் கருக்குகிறது" என்று சொன்னவர்களும் உண்டு!

ஜான் லிண்ட்லி என்பவர் பெரிய தாவர நிபுணர். லண்டனில் பேராசிரியர். அவர், "மழை அதிகம். செடி அளவுக்கு மீறித் தண்ணீரைக் குடித்துவிட்டது. அதனால் அழுகிறது. பூசணம் அழுகிய பிறகு வந்து உட்கார்ந்ததுதான்" என்றார்.

ஒரே ஒரு பாதிரியார் தலையை ஆட்டி மறுத்தார். அவர் பெயர் மைல்ஸ் பெர்க்லி. கிராமத்துக் கோவிலில் வேலை. ஓய்வு நேரத்தில் பூதக்கண்ணாடியும் கையுமாகக் காளான்களையும் பூசணங்களையும் ஆராய்வார். அவர் 1846-ல் எழுதினார்: "அழுகியதால் பூசணம் வரவில்லை. பூசணம் வந்ததால்தான் அழுகுகிறது!"

யார் நம்புவார்கள்? கண்ணுக்குத் தெரியாத கிருமிதான் நோயைக் கொண்டுவருகிறது என்று பாஸ்டர் உலகத்துக்கு விளக்கிச் சொன்னதே அதற்குப் பிறகுதான்.

பாதிரியார் சொன்னதுதான் சரி என்று ருசுப்படுத்தியவர் ஜெர்மனியைச் சேர்ந்த அன்டன் டி பாரி. 1861-ல், நல்ல உருளைச் செடியின் மேல் அந்தப் பூசணத்தின் வித்துகளைத் தூவிப் பார்த்தார். செடி கருகியது. வித்து தூவாத செடி பிழைத்தது. பின்னர் 1876-ல் குற்றவாளிக்குப் பெயர் வைத்தார்: "பைட்டாப்தோரா இன்பெஸ்டன்ஸ்". பைட்டாப்தோரா என்றால் கிரேக்க மொழியில் "செடியை அழிப்பது" என்று அர்த்தம்.

1885-ல் பிரெஞ்சுக்காரர் ஒருவர், திராட்சைக் கொடியைப் பிடித்த இதே இனத்து நோய் ஒன்றுக்கு மருந்து வெளியிட்டார். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த கரைசல். நம் விவசாயிகளுக்கும் தெரிந்த "போர்டோ கலவை"தான் அது. உருளைக்கும் அது கேட்டது. ஆனால் அயர்லாந்தில் பஞ்சம் தொடங்கி 40 ஆண்டு ஓடிவிட்டிருந்தது.

புத்தகத்துக்குள் சாட்சி

இதோடு வழக்கு முடிந்ததா? இல்லை.

ஒரு ஜாதி கிருமியில் பல வம்சங்கள் உண்டு. ஒரு வம்சத்துக்கு ஒரு மருந்து கேட்கும். இன்னொன்றுக்குக் கேட்காது. ஒன்று மெதுவாகப் பரவும். இன்னொன்று காட்டுத்தீ மாதிரிப் பரவும். அயர்லாந்தை அழித்தது எந்த வம்சம்?

இருபதாம் நூற்றாண்டில் உலகம் முழுவதும் பரவியிருந்த வம்சத்துக்கு "யு.எஸ்.-1" என்று பெயர் வைத்திருந்தார்கள். "இதுதான் அன்று அயர்லாந்தை அழித்தது" என்று விஞ்ஞானிகள் பலர் நினைத்தார்கள். நினைத்தார்களே தவிர, சாட்சி இல்லை.

சாட்சி அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது!

லண்டனுக்குப் பக்கத்தில் கியூ என்ற இடத்தில் உலகப் புகழ்பெற்ற தாவரத் தோட்டம் இருக்கிறது. அங்கே லட்சக்கணக்கான செடிகளை உலர்த்திக் காகிதத்தில் ஒட்டிப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் மியூனிக் நகரிலும் இப்படி ஒரு சேமிப்பு உண்டு. பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தில் அரச இலையை வைத்துப் பாடம் செய்வார்களே, அதே மாதிரிதான். அந்தக் காகிதங்களில், பஞ்ச காலத்தில் பறித்த கருகிய உருளை இலைகளும் இருந்தன. எப்போது, எங்கே பறித்தது என்று ஓரத்தில் எழுதியும் வைத்திருந்தார்கள்.

அந்த இலையில் கிருமி உயிரோடு இல்லை. ஆனால் அதன் டி.என்.ஏ. இருந்தது.

டி.என்.ஏ. என்றால் என்ன? ஒவ்வொரு உயிரின் உடம்புக்குள்ளும் அதன் ஜாதகம் எழுதி வைக்கப்பட்டிருக்கிறது. தமிழுக்கு 247 எழுத்து. இந்த ஜாதகத்துக்கு நாலே எழுத்து. அந்த நாலு எழுத்தும் எந்த வரிசையில் வருகின்றன என்பதை வைத்து இது மனிதனா, மாடா, கத்தரிச் செடியா, கருகல் நோய்க் கிருமியா என்று சொல்லிவிடலாம். எந்த வம்சம் என்றுகூடச் சொல்லலாம். கருகல் கிருமியின் ஜாதகத்தில் சுமார் 24 கோடி எழுத்துகள். அதை 2009-ல் விஞ்ஞானிகள் படித்து வெளியிட்டார்கள்.

அரிசிக் கதை தெரியுமா?

காய்ந்த இலையில் இருப்பது துளியூண்டு டி.என்.ஏ. அதுவும் பொடிப்பொடியாக உடைந்து கிடக்கும். அதை எப்படிப் படிப்பது?

சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்த கட்டத்தில் இரண்டு, அதற்கடுத்து நாலு என்று வைக்கச் சொல்லி ராஜாவை மடக்கிய புலவர் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்தக் கணக்குதான் இங்கேயும்!

1983-ல் அமெரிக்காவில் கேரி முல்லிஸ் என்பவர் ஒரு வழி கண்டுபிடித்தார். டி.என்.ஏ. என்பது முறுக்கிய ஏணி மாதிரி இரண்டு இழை கொண்டது. 95 டிகிரிக்குச் சூடாக்கினால் இழைகள் பிரியும். கொஞ்சம் ஆறவிட்டால், நாம் கலந்து வைத்திருக்கும் குட்டி இழைத் துண்டுகள் அவற்றில் போய் ஒட்டிக்கொள்ளும். பிறகு 72 டிகிரியில் ஒரு நொதி வந்து, ஒட்டிய இடத்திலிருந்து இழையை நகல் எடுக்கும். ஒன்று இரண்டாகும். மறுபடி சூடு, மறுபடி ஆற்றல். இரண்டு நாலாகும். முப்பது தடவை செய்தால் ஒன்று 107 கோடி ஆகிவிடும்! இரண்டு மூன்று மணி நேர வேலை.

கொதிக்கும் நிலைக்குப் பக்கத்தில் சூடாக்கினாலும் கெடாத அந்த நொதி எங்கே கிடைத்தது? அமெரிக்காவில் எல்லோஸ்டோன் என்ற இடத்தில் பூமியிலிருந்து வெந்நீர் ஊற்று பொங்குகிறது. அதில் வாழும் ஒரு நுண்ணுயிரில் கிடைத்தது.

இந்த முறைக்குப் பெயர் பி.சி.ஆர். கொரோனா காலத்தில் மூக்கில் குச்சியை விட்டுச் செய்தார்களே, அதே சோதனைதான். முல்லிசுக்கு 1993-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதில் சூட்சுமம் அந்தக் குட்டி இழைத் துண்டுகளில்தான் இருக்கிறது. அவை பூட்டுக்கு ஏற்ற சாவி மாதிரி. கருகல் கிருமியின் டி.என்.ஏ.வில் மட்டும் பொருந்தும்படி செய்து வைக்கலாம். கிருமி இருந்தால் சாவி பொருந்தும்; நகல் பெருகும். இல்லாவிட்டால் ஒன்றும் பெருகாது. "இருக்கிறதா, இல்லையா?" என்ற கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில்!

அவன் இல்லை, அவன் பங்காளி

2001-ல் ஜீன் ரிஸ்டைனோ என்ற அமெரிக்கப் பெண் விஞ்ஞானியும் அவருடன் வேலை செய்தவர்களும் பழைய இலைகளில் இந்தச் சோதனையைச் செய்தார்கள். கிருமி இருந்தது. ஆனால் சந்தேகத்தில் இருந்த யு.எஸ்.-1 வம்சத்தின் அடையாளம் பொருந்தவில்லை! இத்தனை நாளாக வேறு ஆளைக் குற்றவாளி என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

2013-ல் இங்கிலாந்து, ஜெர்மனி ஆராய்ச்சியாளர்கள் சேர்ந்து இன்னும் ஆழமாகப் போனார்கள். கியூவிலும் மியூனிக்கிலும் இருந்த 11 பழைய மாதிரிகளை எடுத்து, கிருமியின் ஜாதகத்தையே எழுத்து எழுத்தாகப் படித்தார்கள். இன்றைய வம்சங்களோடு ஒப்பிட்டார்கள்.

ஆள் அகப்பட்டுவிட்டான். அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு வம்சம் அது. யு.எஸ்.-1-க்கு நெருங்கிய பங்காளி. அதற்கு "ஹெர்ப்-1" என்று பெயர் கொடுத்தார்கள். அது 50 ஆண்டுக்குக் குறையாமல் உருளைத் தோட்டங்களை ஆட்டிப் படைத்திருக்கிறது. பிறகுதான் யு.எஸ்.-1 அதன் இடத்தைப் பிடித்தது.

இன்னொரு விஷயமும் வெளியானது. பார்க்கப் பூசணம் மாதிரி இருக்கும் இந்தக் கிருமி, உண்மையில் பூசண ஜாதியே இல்லை! விலாங்கு பாம்பு மாதிரி இருந்தாலும் மீன் அல்லவா? அந்தக் கதைதான். டி.என்.ஏ. கணக்குப்படி இதற்குச் சொந்தம் கடலில் வளரும் பழுப்புப் பாசிகள். விவசாயிகளும் நிபுணர்களும் பழக்கத்தில் பூசண நோய் என்றே சொல்லி வருகிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆனால் பூசணத்துக்கென்று கடையில் விற்கும் மருந்துகளில் சில இதைத் தொடுவதே இல்லை. அதற்குக் காரணம் இதுதான்.

நீலகிரிக்கு வந்த எமன்

இதெல்லாம் எங்கோ அயர்லாந்துக் கதை என்று விட்டுவிட முடியாது. விதைக் கிழங்கோடு நோயும் கப்பல் ஏறும். இந்தியாவில் இந்தக் கருகல் நோய் முதன்முதலாகக் காணப்பட்ட இடம் நீலகிரி! 1870-க்கும் 1880-க்கும் இடையில் அங்கே தென்பட்டதாக விவசாய நூல்கள் சொல்கின்றன. குளிர், மூடுபனி, விடாத தூறல். இந்தக் கிருமிக்கு வேறென்ன வேண்டும்? ஒரு புள்ளியிலிருந்து லட்சக்கணக்கான வித்துகள் காற்றில் பறக்கும்.

தக்காளிக்கும் இதே நோய் வரும். தக்காளியும் உருளையும் ஒரே குடும்பம்.

மலைத் தோட்டத்தில் ஒரு விவசாயி நிற்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலையில் புள்ளி. அது எந்த நோய்? முன் கருகல் நோய் என்று வேறொன்று உண்டு. அதிலும் புள்ளி வரும். செடி வாடினால் பாக்டீரியா வாடலாகவும் இருக்கலாம். கிழங்கு அழுகலிலோ நாலைந்து வகை. வளையம் வளையமாக இருந்தால் முன் கருகல், அடியில் வெள்ளை படர்ந்தால் பின் கருகல் என்று அனுபவஸ்தர்கள் கண்ணால் சொல்வார்கள். பல சமயம் சரியாகவே இருக்கும். ஆனால் நோய் முற்றிய பிறகுதான் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். அதற்குள் பக்கத்துத் தோட்டமும் போய்விடும்.

தப்பாகக் கணித்தால் என்ன ஆகும்? கடன் வாங்கி மருந்து அடிப்பார். மருந்து கேட்காது. "மருந்து போலி" என்று கடைக்காரரோடு சண்டை. மறுபடி வேறு மருந்து. செடியும் போய், காசும் போய்விடும்.

இதைவிட மோசம், விதைக் கிழங்கு. வெளியே பார்த்தால் மினுமினுவென்று இருக்கும். உள்ளே கிருமி ஒளிந்திருக்கும். அதை நட்டால் நோயையே நட்டது மாதிரி. கண்ணுக்குத் தெரியாத இந்த நோயைப் பி.சி.ஆர். கண்டுபிடித்துவிடும். விதைக் கிழங்கு விற்கும் இடத்தில் இந்தச் சோதனைக்கு இருக்கும் மதிப்பு வேறு எங்கும் இல்லை.

அதற்காக இதை மந்திரக்கோல் என்று நினைத்துவிடக் கூடாது. சோதித்த கிழங்கைப் பற்றித்தான் அது சொல்லும். மூட்டையில் இருக்கும் மற்ற கிழங்குகளைப் பற்றிச் சொல்லாது. செத்த கிருமியின் டி.என்.ஏ.வையும் "இருக்கிறது" என்றே காட்டும். மாதிரியை ஒழுங்காக எடுக்காவிட்டால் யந்திரம் என்ன செய்யும்?

மருந்துக்கு மசியாத வம்சம்

2004-ல் ஐரோப்பாவில் ஒரு புது வம்சம் தலைகாட்டியது. பெயர் "13-ஏ2". இதை அடக்கப் பல ஆண்டாகப் பயன்பட்டு வந்த "மெட்டலாக்சில்" என்ற மருந்து இதனிடம் பலிக்கவில்லை. சில ஆண்டுகளில் பிரிட்டனில் மற்ற வம்சங்களைத் தள்ளிவிட்டு இதுவே கொடிகட்டிப் பறந்தது.

2009, 2010-ம் ஆண்டுகளில் தென்னிந்தியாவில் தக்காளித் தோட்டங்கள் மோசமாகக் கருகின. பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் டி.என்.ஏ. சோதனை செய்து பார்த்தார்கள். அதே 13-ஏ2! கண்ணால் பார்த்தால் பழைய கருகலுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. டி.என்.ஏ. சொன்ன பிறகுதான் "பழைய மருந்தை நம்பி இருக்காதீர்கள்" என்று எச்சரிக்க முடிந்தது.

பி.சி.ஆர். யந்திரத்துக்கு விலை அதிகம். மின்சாரம், ஆய்வுக்கூடம், படித்த ஆள் எல்லாம் வேண்டும். ஜப்பானியர் 2000-ல் இன்னொரு முறையை வெளியிட்டார்கள். பெயர் "லாம்ப்". சூடு ஏற்றி இறக்க வேண்டியதில்லை. 65 டிகிரி வெந்நீரில் குழாயை வைத்திருந்தால் போதும். ஒரு மணி நேரத்துக்குள் நிறம் மாறினால் நோய் உண்டு. வயல் வரப்பிலேயே செய்யலாம் என்பதால் பல நாடுகளில் இதைக் கிழங்குப் பயிர்களுக்குப் பழக்கி வருகிறார்கள்.

தபாலில் வரும் கிருமி

ஐரோப்பாவில் 2013 முதல் ஒரு ஏற்பாடு நடக்கிறது. விவசாயிகளுக்கும் விவசாய ஆலோசகர்களுக்கும் ஒரு அட்டை கொடுக்கிறார்கள். கெட்டியான மை ஒற்றும் தாள் மாதிரி இருக்கும். அதில் மருந்து ஏற்றியிருக்கிறது. கருகிய இலையை அதன்மேல் வைத்து நசுக்க வேண்டும். பச்சைச் சாறு அட்டையில் இறங்கும். கிருமி அங்கேயே செத்துவிடும், டி.என்.ஏ. மட்டும் பத்திரமாக ஒட்டிக்கொள்ளும். காய வைத்துக் கவரில் போட்டுத் தபாலில் அனுப்பிவிடலாம். வழியில் நோய் பரவும் என்ற பயம் இல்லை.

ஆய்வுக்கூடத்தில் சோதித்து, எந்த ஊரில் எந்த வம்சம் என்று தேசப்படத்தில் புள்ளி வைத்துக்கொண்டே வருகிறார்கள். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

அப்படிப் பார்த்ததில் "37-ஏ2" என்ற வம்சம் வேகமாகப் பெருகுவது தெரிந்தது. புளுவசினம் என்ற மருந்துக்கு அது மசியவில்லை என்பதும் தெரிந்தது. விவசாயிகளுக்குச் செய்தி போயிற்று. அந்த மருந்தைக் குறைத்துக்கொண்டு வேறு மருந்துக்கு மாறினார்கள். 37-ஏ2-வின் கொட்டம் அடங்கியது. அந்த இடத்துக்கு வேறு வம்சங்கள் வரத் தொடங்கின. கருகிய இலை நசுக்கிய அட்டைகள் தபாலில் வந்துகொண்டிருக்கின்றன.